மூன்றாவது தேதி

சன்னல் வெயிலில் நர்ஸ், வார்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தையல்காரிக்கு வெறும் வெள்ளை நிழலாகத் தெரிகிறாள். மூளையுறையில் வளர்ந்த கட்டி கண் நரம்பை அழுத்துகிறது. நாலு வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றிய பிறகுதான் அவளை ஸ்கேனுக்கே அனுப்பினார்கள்.

"இன்னைக்கும் ஆபரேஷன் இல்லக்கா. ஐசியுல பெட் இல்ல. அடுத்த மாசம் வாங்க."

"இது மூணாவது அடுத்த மாசம், சிஸ்டர்."

கணவர் பையைத் தூக்குகிறார். அவள் தலைத்துணியை அவிழ்க்கிறாள். வழித்த தலை பளபளக்கிறது.

"ஐயோ, யாருக்கா இப்படி வழிச்சு விட்டது?"

"உங்க வேலையில பாதிய வீட்லயே முடிச்சிட்டோம். மீதிய டாக்டர் பாக்கட்டும்."

"ஒரு கீறல் இல்ல, பாருங்க. நான்தான் வழிச்சேன்" என்று கணவர் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறார்.

"அடுத்த மாசத்துக்குள்ள முடி வளந்துடும்க்கா."

"வளரட்டும். இங்கயே உக்காந்து மறுபடி வழிச்சுக்கறேன்." அவள் காலை நீட்டிப் படுக்கிறாள்.