எதிர்ச்சுற்று

பூங்காவனத்தின் ஜன்னல் கம்பிக்கு வெளியே தொட்டியில் ஒரு கோழியவரைக் கொடி. ஒரு சாண் சந்துக்கு அப்பால் ஏகாம்பரத்தின் ஜன்னல். இரண்டு வீட்டிலும் ஒற்றை ஆள்தான், பேச்சுவார்த்தை கிடையாது. கொடி அவர் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் அவள் கையை நீட்டி அதை அவிழ்த்து, தன் கம்பியில் இறுக்கிச் சுற்றுவாள். விடிந்தால் அவிழ்ந்து மறுபடி அங்கேதான் கிடக்கும்.

ஒருநாள் கத்தியே விட்டாள். "தண்ணி ஊத்துறது நான், காய்க்கிறது உங்க வீட்டுலயா? நீங்கதானே அவுத்து இழுத்துக்கிறீங்க?"

அவர் முகம் கம்பிக்கு அருகே வந்தது. "நான் தொடுறதே இல்லீங்க. அவரைக்கொடி ஒரே பக்கமாத்தான் சுத்தும். நீங்க எதிர்ப்பக்கமா சுத்துறீங்க, அது தானா அவுந்துடுது."

"இத்தனை நாளா பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களா?"

"இந்த ஜன்னல் பக்கம் வேற யாரும் வர்றதில்லீங்க. சொல்லிட்டா உங்க கையும் வராதேன்னு இருந்துட்டேன்."

அவள் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் திறந்தாள். கையை நீட்டிக் கொடியை அவிழ்த்தாள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று இப்போது தெரியும். நிதானமாக, எதிர்ப்பக்கமாகவே சுற்றினாள்.