முழு நம்பர்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஒரு டம்ளர் அளவுக்குப் பால் காய்ச்சினான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டினான்.

ஏழே முக்காலுக்குக் கடை ஷட்டரைத் தூக்கப் போனபோது வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

செத்துப்போனவளுக்கு இவன் புருஷன், அவன் அண்ணன். நான்கு மாதமாக இருவரும் நேருக்கு நேர் நின்றதில்லை.

உதிரிபாகக் கடை. சக்கரம் இல்லாமல் இரும்புச் சங்கிலியில் ஊர்ந்து போகும் பழைய டிராக்டர்களுக்கு மட்டும். செயின் வண்டி என்பார்கள். செய்த கம்பெனிகளில் பாதியை மூடிவிட்டார்கள். யாராவது துருப்பிடித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். எந்த இன்ஜினுடையது என்று இவன் சொல்வான். இதுவரை தப்பாகச் சொன்னதில்லை.

தகட்டை நம்பாததுதான் காரணம். ஐம்பது வருட வண்டிக்கு எத்தனை முறை இன்ஜின் மாற்றினார்களோ, யார் கண்டது? முன்னால் அடித்திருக்கும் பித்தளைத் தகடு பழைய இன்ஜினின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். இன்ஜின் பிளாக்கிலேயே குத்தியிருக்கும் நம்பரைப் பார்க்காமல் இவன் வாய் திறக்க மாட்டான்.

மச்சான் போனை மேசைமேல் டொக்கென்று போட்டான்.

“அப்பா வண்டியைத் தள்ளிவிடப் போறேன். வாங்குறவன் என்ன இன்ஜின்னு கேக்குறான். காலங்காத்தால உன் மூஞ்சியில முழிக்கணும்னு எனக்கொண்ணும் வேண்டுதல் இல்ல. சொல்லு, போயிடுறேன்.”

திரையில் பித்தளைத் தகடு.

“தகடு போதாது. பிளாக்ல இருக்குற முழு நம்பர் வேணும்.”

தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுதான். சொல்லி முடித்ததும் இன்று, கேட்டு வரும் நம்பர்களை எழுதிவைக்கும் நோட்டை மேசையில் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

“தெரியும்டா உன் பவிசு.” மச்சான் விரலால் அடுத்த படத்தைத் தள்ளினான். “கையை மட்டும் நீட்டி எடுத்தேன். உள்ள போக எனக்குத் தெம்பில்ல.”

இன்ஜினின் அடிப்பக்கம். அந்த ரக வண்டியில் நம்பரைக் கீழே படுத்துத்தான் படிக்க முடியும். கறுத்த கிரீஸுக்கு நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளுத்த கோடு ஒன்று. யாரோ துடைத்த இடம். அதில் நான்கு இலக்கங்கள் பளிச்சென்று தெரிந்தன. மீதி கிரீஸுக்குள்.

“எவனோ பாதி துடைச்சிட்டு விட்டிருக்கான்” என்றான் மச்சான்.

சங்கிலியைக் கழற்றுவதற்காக வண்டியை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியவன் மச்சான்தான். மறுநாள் பகலில் கட்டை நழுவியது. அம்மா வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சி அடியில் இருந்தாள். அவளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டை வைத்தவன் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று அவளிடம் கடைசியாகப் போனில் பேசியது புருஷன். என் பொண்ணு என்ன சொன்னா என்று மாமியார் இவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“சாப்பிட்டீங்களான்னு கேட்டா” என்றான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் அதையே சொல்லி அழுதாள். போற நேரத்துலகூடப் புருஷன் வயித்தைத்தான் நினைச்சிருக்கா. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“இந்த நாலை வெச்சுப் பாரு” என்றான் மச்சான். “நோட்டுல இருக்கும்ல?”

“இருக்காது.”

பதில் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மச்சான் இவனை ஒரு மாதிரி பார்த்தான்.

“காலேஜ் படிச்ச மாப்ளன்னு பெருமையா இழுத்துட்டு வந்தோம். பாக்காமலே இல்லங்குற.”

எட்டி நோட்டை இழுத்தான். ஒவ்வொரு ரக வண்டிக்கும் ஒரு பக்கம். அப்பா வண்டியின் பக்கத்தைத் தேட அவனுக்கு நேரம் ஆகவில்லை.

கை நீட்டினால் பிடுங்கிவிடலாம். இவன் நீட்டவில்லை.

பக்கத்தின் கடைசி வரி. ‘மாமனார் வண்டி. வேண்டிய பாகம்: ஹெட் கேஸ்கெட்.’ அவள் செத்த நாளின் தேதி. பதினொன்று நாற்பது. பிறகு இவன் கையெழுத்தில் நான்கு இலக்கங்கள். ஐந்தாவதன் இடத்தில் பேனா ஊன்றிக் காத்திருந்த ஒரு மைப்புள்ளி.

மச்சான் போனைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் விரல் வைத்து மறுபடி பார்த்தான்.

விரல் தேதிக்குப் போய் அங்கேயே நின்றது.

“நாலு மாசமா எங்கம்மா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல.” குரல் தாழ்ந்திருந்தது. “நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டாளாம். என்னடா சொன்னா அவ?”

இவன் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வாடிக்கையாளருக்கு நம்பர் வாசித்துக் காட்டும் அதே குரலில், சொல் சொல்லாக.

“மீதியைக் கிரீஸ் மூடியிருக்கு. லைன்லயே இருங்க, துடைச்சிட்டுச் சொல்றேன்.”