பதினாறா, பதினெட்டா?

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீடுகளின் பழைய வரைபடம் ஸ்கேனாக வந்திருந்தது. அதில் ஒரு வீட்டின் நீளத்துக்குப் போட்ட எண் பதினாறா, பதினெட்டா என்று, அதைக் கம்ப்யூட்டரில் தெளிவாக்கப் பார்த்த எலைனுக்குப் பிடிபடவில்லை. பதினெட்டு அடி என்றால் அந்த வீட்டில் குடியிருக்கும் பாக்யலட்சுமியின் சமையலறை பத்திரத்துக்குள் வரும். பதினாறு என்றால் அதை இடித்துவிடுவார்கள்.

"கம்ப்யூட்டர்ல போட்டா தெளிவாயிடும்னியே?" என்றாள் பாக்யலட்சுமி.

"தெளிவாத்தான் வருதுக்கா. ஒருவாட்டி ஆறு, ஒருவாட்டி எட்டு. ஸ்கேன்ல இல்லாத கோட்டை அது யூகிச்சுத்தானே போடும்? யாரோ திருத்தித் திருத்தி சேவ் பண்ணியிருக்காங்க. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் அழிஞ்சிருக்குது."

"என் அடுப்பு எங்க இருக்குதுன்னு யூகிக்கிறதுக்கா மிஷினு?"

இருவரும் ஸ்கேனை அனுப்பிய அதிகாரியிடமே போனார்கள்.

"மூணாவது வாட்டி சொல்றேன். தெளிவான காப்பி இல்லாம பத்திரத்துல கையெழுத்துப் போட முடியாது" என்றார் அவர்.

"ஒரிஜினல் குடுங்க சார், நானே ஸ்கேன் பண்றேன்."

"மைன்ஸ் மூடினப்பவே ஒரிஜினல் எல்லாம் போச்சும்மா. ஃபைல்ல இருக்கிறது இந்த ஸ்கேன்தான்."

எலைன் அவர் தலைக்கு மேலே பார்த்தாள். "அப்ப உங்க பின்னாடி மாட்டியிருக்கிறது இன்னா சார்?"

அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது சும்மா அழகுக்கும்மா. பெரிய ஆபீசர் வந்தப்ப ஃப்ரேம் போட்டோம்."

எலைன் ஸ்டூலில் ஏறிச் சட்டத்தை இறக்கினாள். உள்ளே இருந்த வரைபடத் தாளை உருவி, அந்த எண் இருந்த மூலையை அதே அறையிலிருந்த ஸ்கேனரில் வைத்து, அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தாள்.

பதினெட்டு அடி.