கால் சூடு

"மூணு பேட்டரி மாத்திட்டே, உஸ்தா! கரண்ட் போன அஞ்சு நிமிஷத்துல யூ.பி.எஸ். மண்டையைப் போடுது. ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு ஓடிட்டேன்னு குஜந்து நகரத்துல உக்காந்து என்கூட ஆடற மச்சான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்!" நஸ்ருல்லோ, சதுரங்கம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைக் காட்டிக் குமுறினார்.

மெக்கானிக் ஹிக்மத்துக்கு மானம் போனது. கடையில் வைத்துப் பார்த்தால் இதே பெட்டி முக்கால் மணி நேரம் உழைக்கிறது.

"முதல்ல உக்காரு தம்பி, பனியில வந்திருக்கே" என்று நஸ்ருல்லோவின் மனைவி முகாரம் அவனைக் கணப்பு மேசையருகே உட்காரவைத்து, மேசைமேல் விரித்திருந்த ரஜாயை இடுப்புவரை இழுத்துவிட்டுத் தேநீர் ஊற்றினாள். அடியில் கால்கள் இதமாகக் காய்ந்தன. எதிரே நஸ்ருல்லோவும் காலை நீட்டிக்கொண்டார்.

மாலை ஐந்துக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் திரை அணைந்தது.

"பாத்தியா?"

ஹிக்மத்தின் கால் குளிர ஆரம்பித்திருந்தது. ரஜாயைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். கரிக் கணப்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெரிய பல்புகள் அணைந்து கிடந்தன.

"கரிப்புகை இவருக்கு ஆகல. அதான் பல்பு போட்டேன்" என்றாள் முகாரம். "கரண்ட் போனாலும் ஆடறப்ப கால் குளிரக்கூடாதேன்னு, அந்தக் கத்துற பெட்டியிலேயே சொருகிட்டேன்."

ஹிக்மத் சிரித்தேவிட்டான். "ரெண்டும் சேர்ந்தா தாங்காதுண்ணே. எதைப் பிடுங்கட்டும்?"

நஸ்ருல்லோ சில்லிட்ட பாதங்களைத் தேய்த்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டரைப் பிடுங்கு. எப்படியும் இவ தம்பிதான் ஜெயிக்கப் போறான்."