பச்சை விளிம்பு

கல்யாணமாகி ஒரு மாதமாகியும் சமையல் இயந்திரத்துக்குப் பூங்கோதையின் நாக்கு பிடிபடவில்லை. ரசத்தில் வெல்லம் தூக்கலாகவே இருந்தது. அதற்கு நாக்கு பழகியவர் சாப்பிட்டால் தட்டின் விளிம்பு பச்சையாகும். அவள் தட்டு மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

“கல்யாணத்துக்குன்னு வாங்கின புது மிஷின். போகப் போகக் கத்துக்கும்,” என்பான் கணவன் அருள்மணி.

இன்று அவனுடைய ஆபீஸ் நண்பர்களுக்கு வீட்டில் விருந்து.

“வீடு அழகா இருக்கு. இப்பதான் முதல் தடவையா பாக்கறேன்,” என்றபடி உட்கார்ந்த நிரோஷா, ரசம் சாதத்தில் ஒரு வாய் எடுத்தாள். அவள் தட்டு பளிச்சென்று பச்சையானது. மற்ற விருந்தாளிகளின் தட்டுகள் வெள்ளையாகவே இருந்தன.

அருள்மணி குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

பூங்கோதை கரண்டியை எடுத்தாள். “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா? ஒரு மாசமா மிஷின் உங்களுக்குத்தான் வெச்சிட்டிருக்கு.”