நாலு மணித் தட்டை

"எத்தனை வித்ததுன்னு மட்டும் காட்டற சாஃப்ட்வேரே போதும்மா," என்றார் ஜம்புநாதன்.

"போதாது. யார் வாங்கறான்னும் தெரியணும்," என்றாள் சரசா.

விற்க வந்த பார்கவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன் முகுந்த், இரண்டு வருடமாகச் சரசாவின் போனை எடுப்பதில்லை. அதே ஊரில், வாகட் பகுதியில் அவன் வேலை பார்க்கும் ஆபீசிலேயே ஜம்புநாதன் ஒரு நொறுக்குத்தீனி மெஷினை வைத்தார். அவனுக்குப் பிடித்த காரத்தோடு அவள் தட்டிய தட்டை, தினம் ஒரு பாக்கெட் அதில் போகும்.

"நாலு மணிக்குக் கொழந்தை வாங்கிச் சாப்டுட்டான்," என்று அவர் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"ஒரு வாரமா ரெண்டு சாஃப்ட்வேரையும் உங்க மெஷின்ல ஓட்டிப் பார்த்தோம் மாமி," என்று பார்கவி லேப்டாப்பைத் திருப்பினாள்.

ஜம்புநாதன் சட்டென்று எழுந்தார். "நெஞ்சைக் கரிக்கறது. மோர் குடிச்சுட்டு வரேன்."

சரசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தட்டை, நாலு மணி. ஏழு நாளும் ஒரே போனிலிருந்துதான் பணம் வந்திருந்தது. எண் அவளுக்கு மனப்பாடம்.

முகுந்துடையது அல்ல. உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்தவருடையது.

லேப்டாப்பை மெல்ல மூடினாள். "எண்ணிக்கை காட்டறதே போதும்மா."

பிறகு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, நாளைலேர்ந்து தட்டைக்குக் காரம் கம்மியாப் போடறேன். கொழந்தைக்கு நெஞ்சைக் கரிக்கப் போறது."