தலைச்சன் பெயர்

மைதுகுரியில், பிள்ளைகளைக் கடத்திப் படையில் சேர்க்கும் ஆயுத இயக்கத்தின் காணொளிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் கனூரிப் பேச்சை மொழிபெயர்ப்பது யாகனாவின் வேலை. புதிதாக வந்த காணொளியில், அவர்கள் தூக்கிப்போன தன் மூத்த மகனைப் பார்த்தாள். போன அன்று இருந்த அதே எட்டு வயதில் நின்றான்.

"பத்து வருஷமாச்சேக்கா! உங்க புள்ளைக்கு மட்டும் வயசே ஏறாதா?" என்றான் உடன் வேலைசெய்யும் ஸன்னா. "சரி, பதிவுல போட பேரையாவது சொல்லுங்க."

தலைச்சன் பெயரை வாயால் சொல்வது கனூரித் தாய்க்கு வெட்கக்கேடு. தூக்கிப்போன அன்றும் "டேய், டேய்" என்றுதான் கத்தினாள்.

இப்போது திரையைப் பார்த்து, "கச்சல்லா" என்றாள்.

சிறுவன் அசையவில்லை. சிறுவனின் தோளில் துப்பாக்கியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்த, பதினெட்டு வயதிருக்கும் தாடிக்காரன் திரைக்குள்ளிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.